மின்சாரம் திரும்பினால் எந்த ப்ரோகிராம் ஓடும்? பி.எல்.சி. மெமரி கார்டு பற்றிச் சில பயனுள்ள குறிப்புகள்

தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் பி.எல்.சி. கன்ட்ரோலரின் முகப்பில், ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் மெமரி கார்டு செருகியிருக்கும். கூடுதல் இடத்துக்காக வைத்தது என்று எண்ணிப் பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. இடம் தருவது அதன் சிறிய வேலைதான். மின்சாரம் போய்த் திரும்பும்போது கன்ட்ரோலருக்குள் இருக்கும் ப்ரோகிராம் ஓட வேண்டுமா, கார்டில் இருக்கும் ப்ரோகிராம் ஓட வேண்டுமா என்பதை, சாஃப்ட்வேரில் அந்தக் கார்டுக்கென்று உள்ள இரண்டு மூன்று அமைப்புகள் முடிவு செய்கின்றன. இயந்திரத்தை நிறுவியவர் அவற்றை என்றோ தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார். இன்று பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவருக்கு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. கார்டைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் கன்ட்ரோலரில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக மூன்று இடங்கள் உண்டு. டவுன்லோட் செய்த ப்ரோகிராம் தங்கும் இடம் ஒன்று. அது ஓடும்போது பயன்படும் வேலை நினைவகம் இன்னொன்று. மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்க வேண்டிய எண்ணிக்கைகள், செட்பாயிண்ட்கள், ஓடிய மணிநேரங்கள் நிற்கும் இடம் மூன்றாவது. இந்த மூன்றில் எது கார்டில் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமென்ஸ் எஸ்7-1500ல் ப்ரோகிராம் கார்டில் இருக்கிறது, அழியாத மதிப்புகள் கன்ட்ரோலருக்குள் இருக்கின்றன. ராக்வெல்லின் கன்ட்ரோல்லாஜிக்ஸில் கார்டில் சேமிக்கும் பிரதிக்குள் ப்ரோகிராமோடு சேர்ந்து அந்த நேரத்து டேக் மதிப்புகளும் போய்விடுகின்றன. ஒரு கம்பெனியின் பழக்கத்தை இன்னொன்றில் காட்டினால் ஆபத்து.

2. ராக்வெல் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் ஸ்டுடியோ 5000 சாஃப்ட்வேரில் கன்ட்ரோலர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, 'நான்வொலடைல் மெமரி' என்ற தாளைப் பாருங்கள். ஆன்லைனில் இருக்கும்போது கார்டில் எந்தப் பெயரில் ப்ரோகிராம் இருக்கிறது, எப்போது சேமிக்கப்பட்டது, எந்த அமைப்பில் இருக்கிறது என்று எல்லாம் அங்கே தெரியும். பார்ப்பதால் எதுவும் மாறாது, இயந்திரமும் நிற்காது. இன்றைக்கே பார்த்துவிடலாம்.

அந்தத் தாளில் முக்கியமானது 'லோடு இமேஜ்' என்ற வரி. அதற்கு மூன்று தேர்வுகள். 'ஆன் பவர் அப்' என்றால் மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கார்டில் உள்ளதைக் கன்ட்ரோலருக்குள் ஏற்று என்று பொருள். 'ஆன் கரப்ட் மெமரி' என்றால் கன்ட்ரோலருக்குள் ப்ரோகிராம் இல்லாமல் போயிருந்தால் மட்டும் ஏற்று. புதிய பதிப்புகளில் இதற்கு 'ஆன் அன்இனிஷியலைஸ்டு மெமரி' என்று பெயர். மூன்றாவது 'யூசர் இனிஷியேட்டட்'. லேப்டாப்பை இணைத்து நாமே கட்டளை கொடுத்தால்தான் ஏறும்.

3. இந்த மூன்றில் 'ஆன் பவர் அப்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் வரும் கோளாறு கோளாறாகவே தெரியாது.

ஜனவரியில் இயந்திரத்தை நிறுவிய இன்ஜினியர், எல்லாம் சரியாக ஓடியதும் கார்டில் சேமித்து, 'ஆன் பவர் அப்' போட்டுவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு மாதாமாதம் ஆன்லைனில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கின்றன. ஒரு சென்சாருக்குக் கூடுதல் தாமதம் கொடுக்கிறார்கள். ஹீட்டரின் செட்பாயிண்ட் மாறுகிறது. புதிய ரெசிபி வருகிறது. ஒரு பாதுகாப்புக் கதவு திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்று புதிதாக ஒரு வரியும் சேர்கிறது. எல்லாம் கன்ட்ரோலருக்குள் இருக்கின்றன, எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. கார்டில் மட்டும் ஜனவரிதான் இருக்கிறது. யூபிஎஸ் இருப்பதால் இடையில் வந்த மின்வெட்டுகள் கன்ட்ரோலரைத் தொடவில்லை.

ஆயுத பூஜைக்குப் பேனலைத் துடைக்க மெயினை அணைக்கிறார்கள். பொட்டு வைத்து, பூ போட்டு, மறுநாள் மெயினைப் போடுகிறார்கள். கன்ட்ரோலர் கார்டைப் பார்க்கிறது, ஜனவரி ப்ரோகிராமை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. பிழை விளக்கு எதுவும் எரியாது, ஏனென்றால் கன்ட்ரோலரைப் பொறுத்தவரை பிழை எதுவும் நடக்கவில்லை. செட்பாயிண்ட் ஏன் பழையபடி ஆனது என்று ஆபரேட்டர் ஹெச்எம்ஐ திரையைக் குறை சொல்வார். அதைத் திருத்திக்கொள்ளலாம். கதவைத் திறந்தால் மோட்டார் நிற்கும் என்று நம்பிக் கை வைக்கிறவரின் கதி என்ன? அந்த வரி ஜனவரி ப்ரோகிராமில் கிடையாது. கார்டு அமைப்பைச் சாஃப்ட்வேர் விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

4. பெரும்பாலான இயந்திரங்களுக்கு நான் பரிந்துரைப்பது நடுவில் உள்ள தேர்வை. கன்ட்ரோலருக்குள் ப்ரோகிராம் இருக்கும்வரை கார்டு குறுக்கே வராது. ப்ரோகிராம் அழிந்துபோனாலோ, புதிய ஸ்பேர் கன்ட்ரோலரை மாற்றிப் போட்டாலோ, கார்டு உதவிக்கு வரும். லேப்டாப்பும் சாஃப்ட்வேர் லைசென்ஸும் இல்லாத இரவு ஷிஃப்டில் எலெக்ட்ரிஷியன் ஒருவர் கன்ட்ரோலரை மாற்றிவிட்டு, பழைய கார்டைச் செருகி இயந்திரத்தை ஓட வைக்கலாம்.

'ஆன் பவர் அப்' எப்போது பொருந்தும்? ப்ரோகிராம் மாறவே கூடாது என்று இயந்திரம் செய்தவர் முடிவு செய்து, கார்டின் பூட்டையும் போட்டு, மாற்றம் எதுவானாலும் தம் வழியாகத்தான் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கும் இடத்தில் பொருந்தும். அங்கே கூட, மாறும் செட்பாயிண்ட்கள் கார்டின் பிரதியோடு பழையதாகிவிடும் என்பதை ஆபரேட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

5. சாஃப்ட்வேரில் தேர்வை மாற்றினால் மட்டும் போதாது. இது பலருக்கும் புரிய நாளாகும் ஒரு விஷயம். 'லோடு இமேஜ்' அமைப்பு கார்டில் உள்ள பிரதியோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. திரையில் 'யூசர் இனிஷியேட்டட்' என்று மாற்றிவிட்டு, 'ஸ்டோர்' கொடுக்காமல் வந்துவிட்டால், கார்டில் இன்னும் பழைய 'ஆன் பவர் அப்' அப்படியே இருக்கும். மாற்றிய கையோடு மறுபடி ஸ்டோர் செய்யுங்கள். அதற்குக் கன்ட்ரோலர் ப்ரோகிராம் மோடில் இருக்க வேண்டும், அதாவது இயந்திரம் நிற்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தையோ, வாராந்திர ஓய்வையோ அதற்கு ஒதுக்குங்கள்.

6. அதே தாளில் 'இமேஜ் நோட்' என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விடாதீர்கள். தேதி, யார் சேமித்தது, கடைசியாக என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

7. 'லோடு மோடு' என்பது ஏற்றிய பிறகு கன்ட்ரோலர் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்ற கேள்வி. முகப்பில் உள்ள கீ ஸ்விட்ச் ரிமோட் நிலையில் இருந்தால்தான் இந்த அமைப்புக்கு மதிப்பு. சாவி ரன்னில் இருந்தால் ஓடும், ப்ரோகிராமில் இருந்தால் நிற்கும். ஆட்கள் அருகில் நடமாடும் கன்வேயர், பிரஸ் போன்றவற்றில் ஏற்றிய பிறகு ப்ரோகிராம் மோடில் நிற்கும்படி வைப்பதையே நான் விரும்புவேன். ஒரு மனிதர் பார்த்து, சாவியைத் திருப்பி ஓட்டட்டும். ஊருக்கு வெளியே ஆளில்லாமல் இயங்கும் நீரேற்று நிலையத்தில் தானாக ஓடத்தான் வேண்டும், அங்கே வேறு வழியில்லை.

8. ஃபர்ம்வேரையும் ஒரு முறை பாருங்கள். ஸ்பேர் கன்ட்ரோலர் வாங்கும்போது அது வேறு ஃபர்ம்வேர் பதிப்போடு வரும். கார்டில் சேமிக்கும் பிரதியோடு கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரும் சேர்ந்து போவதால், கார்டே தேவையான பதிப்பைப் புதிய கன்ட்ரோலருக்கு ஏற்றிவிடும். இந்த வசதியால் எதிர்பாராத ஒரு சிக்கலும் வரலாம். கார்டு பூட்டியிருந்து, 'ஆன் பவர் அப்' அமைப்பிலும் இருந்தால், நீங்கள் லேப்டாப் வழியாக ஃபர்ம்வேரை உயர்த்தினாலும் அது நிலைக்காது. பழைய ஃபர்ம்வேரும் பழைய ப்ரோகிராமும் கார்டிலிருந்து மறுபடி ஏறிவிடும். ஃபர்ம்வேர் வேலை செய்யும்போது கார்டை வெளியே எடுத்து வையுங்கள்.

9. சீமென்ஸ் எஸ்7-1200 பக்கம் வருவோம். இதில் கார்டு கட்டாயமில்லை. ப்ரோகிராம் தங்க உள்ளேயே இடம் உண்டு. கார்டு போட்டால், அது எந்த வகைக் கார்டு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிஐஏ போர்ட்டல் சாஃப்ட்வேரில் இடப்பக்க மரத்தில் கார்டு ரீடர் என்ற பகுதியைத் திறந்து, கார்டின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'ப்ரோகிராம்', 'டிரான்ஸ்ஃபர்', 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்ற வகைகள் தெரியும்.

டிரான்ஸ்ஃபர் கார்டு ஒரு தபால்காரர். ப்ரோகிராமைக் கன்ட்ரோலரின் உள் நினைவகத்தில் சேர்த்துவிட்டு அவர் போய்விட வேண்டும். கன்ட்ரோலரை அணைத்து, கார்டைச் செருகி, மறுபடி போட்டால் பிரதி ஏறும். மெயின்டனன்ஸ் விளக்கு மின்னும்போது கார்டை எடுத்துவிட்டு மறுபடி இயக்க வேண்டும். கார்டை உள்ளேயே விட்டுவிட்டு இயந்திரம் ரன்னுக்கு வரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. அது உள்ளே இருக்கும்வரை வராது.

ப்ரோகிராம் கார்டு நேர் எதிர். அது உள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கன்ட்ரோலரின் ப்ரோகிராம் தங்கும் இடமே அதுதான். எடுத்தால் கன்ட்ரோலரிடம் ப்ரோகிராம் இருக்காது, பிழை காட்டும். ஒரே தோற்றமுள்ள இரண்டு கார்டுகள், ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், இன்னொன்றை எடுக்கவே கூடாது. அதனால் கார்டின் மேலேயே அழியாத பேனாவால் வகையை எழுதி வைப்பது நல்லது.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் எஸ்7-1200ல் எந்தக் கார்டைச் செருகினாலும் அது ஸ்டாப்புக்குப் போகும். உற்பத்தி நடக்கும்போது அந்த மூடியைத் திறக்க வேண்டாம்.

10. காலிக் கார்டு ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ப்ரோகிராம் உள்ள எஸ்7-1200ல் ஒரு காலிக் கார்டைச் செருகி இயக்கினால், உள்ளே இருக்கும் ப்ரோகிராம் கார்டுக்கு நகல் ஆகும். அதன் பிறகு உள்ளே இருப்பது அழிந்துபோகும். பேக்கப் எடுத்துவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு கார்டை உருவி அலமாரியில் வைத்தால், கன்ட்ரோலர் வெறுமையாக நிற்கும். அந்தக் கார்டுதான் இப்போது ப்ரோகிராம் கார்டு, அது உள்ளேயே இருக்க வேண்டும்.

இதைத் தடுக்க ஒரு அமைப்பு உண்டு. டிவைஸ் கான்ஃபிகரேஷனில் பாதுகாப்புப் பகுதியில், உள் நினைவகத்திலிருந்து வெளி நினைவகத்துக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு பெட்டியைக் காணலாம். அதை டிக் செய்து டவுன்லோட் செய்துவிட்டால், யாரோ செருகும் காலிக் கார்டுக்கு உங்கள் ப்ரோகிராம் போகாது. வாடிக்கையாளர் இடத்தில் இயந்திரம் நிறுவுகிறவர்களுக்கு இது கட்டாயம் என்பேன்.

11. பாஸ்வேர்டு மறந்துபோன எஸ்7-1200ஐ மீட்க, காலியான டிரான்ஸ்ஃபர் கார்டு ஒன்றை உருவாக்கிச் செருகி இயக்குவதுதான் வழி. உள்ளே இருக்கும் ப்ரோகிராமும் அதோடு பாஸ்வேர்டும் அழியும். உங்களிடம் ப்ரோகிராமின் பிரதி இருந்தால் மறுபடி டவுன்லோட் செய்யலாம். இல்லாவிட்டால் செய்ய வேண்டாம். இதையே திருப்பி யோசித்தால் ஒரு உண்மை தெரியும்: பேனல் சாவி கையில் இருக்கும் எவரும் ஒரு கார்டால் உங்கள் கன்ட்ரோலரைத் துடைத்துவிடலாம். பாஸ்வேர்டு வைத்தவர்கள் பேனலையும் பூட்டுங்கள்.

12. எஸ்7-1500க்கு உள்ளே ப்ரோகிராம் தங்கும் இடமே கிடையாது. எம்எம்சி கார்டு போடும் பழைய எஸ்7-300ம் அப்படித்தான். கார்டு இல்லையென்றால் கன்ட்ரோலர் ஓடாது. அதனால் இங்கே 'யாருடைய ப்ரோகிராம் ஓடும்' என்ற கேள்விக்கே இடமில்லை, ஓடுவது கார்டில் இருப்பதுதான். டவுன்லோட் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கார்டிலேயே எழுதப்படுவதால் பழைய பிரதி திரும்பி வரும் தொல்லையும் இல்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. விலை என்னவென்றால், கார்டு கெட்டால் இயந்திரம் நிற்கும். ஒரே ப்ரோகிராமோடு இன்னொரு கார்டைத் தயாராக வைத்திருங்கள்.

கன்ட்ரோலரை மாற்றி, பழைய கார்டைப் புதியதில் போடும்போது எண்ணிக்கைகளும் ஓடிய மணிநேரமும் வராது. அவை பழைய கன்ட்ரோலருக்குள்ளேயே தங்கிவிடும். மாற்றுவதற்கு முன்னால், முடிந்தால், திரையில் உள்ள முக்கிய மதிப்புகளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

13. டிஐஏ போர்ட்டல் 17ஆம் பதிப்பிலிருந்து, புதிய ஃபர்ம்வேர் உள்ள எஸ்7-1200, எஸ்7-1500 கன்ட்ரோலர்களில் ரகசியமான அமைப்புத் தகவல்களைக் காக்க ஒரு பாஸ்வேர்டு வைக்க முடிகிறது. ப்ரோஜெக்ட் தொடங்கும்போதே சாஃப்ட்வேர் அதைக் கேட்கும். அந்த பாஸ்வேர்டு கன்ட்ரோலருக்குள் இருக்கிறது, கார்டில் இல்லை. ஸ்பேர் கன்ட்ரோலரில் பழைய கார்டைப் போட்டால் முன்னைப் போல உடனே ஓடாது. அந்த பாஸ்வேர்டைப் புதிய கன்ட்ரோலருக்கு ஒருமுறை கொடுத்தாக வேண்டும். கார்டை மாற்றினால் போதும் என்று பல ஆண்டுகளாகப் பழகியவர்களை இது நடு இரவில் திணற வைக்கும். பாஸ்வேர்டை நிறுவிய இன்ஜினியரிடமிருந்து எழுதி வாங்கி, பொறுப்பானவர் ஒருவரிடம் பத்திரப்படுத்துங்கள்.

14. சீமென்ஸ் கார்டை லேப்டாப்பில் செருகும்போது விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கார்டில் மறைந்திருக்கும் சில கோப்புகள்தான் அதைக் கன்ட்ரோலருக்குரிய கார்டாக அடையாளம் காட்டுகின்றன. அவை போனால் கார்டு கன்ட்ரோலருக்கு உதவாது. துடைக்க வேண்டுமானால் டிஐஏ போர்ட்டல் வழியாகவோ, எஸ்7-1500ன் முகப்புத் திரை வழியாகவோ ஃபார்மட் செய்யலாம். எஸ்7-1200 கார்டில் ப்ரோகிராமை மட்டும் நீக்க, 'சிமேட்டிக்' என்று தொடங்கும் ஃபோல்டரையும், பெயரில் 'ஜாப்' என்று வரும் கோப்பையும் மட்டும் அழித்தால் போதும். மற்றதைத் தொடாதீர்கள். கடையில் கிடைக்கும் கேமரா கார்டு இதற்கு மாற்றாகாது.

15. மிட்சுபிஷி க்யூ வரிசை. இதில் ஒவ்வொரு நினைவகத்துக்கும் ஒரு டிரைவ் எண் உண்டு: 0 ப்ரோகிராம் மெமரி, 1 எஸ்ரேம் கார்டு, 2 ஃப்ளாஷ் அல்லது ஏடிஏ கார்டு, 3 ஸ்டாண்டர்டு ரேம், 4 ஸ்டாண்டர்டு ரோம். ஜிஎக்ஸ் வொர்க்ஸ்2ல் பிஎல்சி பாராமீட்டரைத் திறந்து 'பூட் ஃபைல்' தாளைப் பாருங்கள். அங்கே ஏதாவது கோப்பு குறிக்கப்பட்டிருந்தால், மின்சாரம் வரும்போதும் ரீசெட் செய்யும்போதும் அது கார்டிலிருந்து ப்ரோகிராம் மெமரிக்கு ஏறும்.

இந்த வசதி வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய க்யூ-ஹெச் கன்ட்ரோலர்களில் ப்ரோகிராம் மெமரி பேட்டரியால் உயிர் வாழும் ரேம். பேட்டரி தீர்ந்தால் ப்ரோகிராம் போய்விடும். அதனால் ஃப்ளாஷ் கார்டிலோ ரோமிலோ வைத்து ஏற்றினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆன்லைனில் மாற்றம் செய்பவர் எழுதுவது டிரைவ் 0ல். அதே மாற்றத்தைக் கார்டிலும் எழுதாவிட்டால், அடுத்த முறை மெயின் அணைந்து வரும்போது மாற்றம் காணாமல் போகும். மூன்றாம் குறிப்பில் சொன்ன அதே கதை. 'ரைட் டு பிஎல்சி' பெட்டியில் இலக்கு நினைவகம் எது என்று பார்க்காமல் எழுதுவதை நிறுத்துங்கள்.

பழைய க்யூ-ஹெச் மாடல்களில் முகப்பில் உள்ள சின்ன டிப் ஸ்விட்சுகளுக்கும் இதில் பங்கு உண்டு. முதலாவது எழுதுவதைத் தடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பாராமீட்டரை எந்த டிரைவிலிருந்து படிப்பது என்று சொல்லும். ஸ்பேர் கன்ட்ரோலர் போடும்போது இவற்றைப் பழையதைப் பார்த்து அப்படியே வையுங்கள்.

ஐக்யூ-ஆர் வரிசையில், ஜிஎக்ஸ் வொர்க்ஸ்3ல் இதற்கென்றே 'மெமரி கார்டு பாராமீட்டர்' என்று தனிப் பகுதி வந்துவிட்டது. 'பூட் செட்டிங்' ஒன்று, கார்டில் உள்ள கோப்புகளையும் தரவுகளையும் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற அமைப்பு ஒன்று. இரண்டும் கார்டில் உண்மையில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

16. எஸ்ரேம் கார்டுக்குள் தனியாக ஒரு பேட்டரி உண்டு. கன்ட்ரோலருக்குப் புதுப் பேட்டரி போட்டவர்கள் கார்டை மறந்துவிடுவார்கள். மாற்றும்போது கார்டு கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்க, மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் உள்ளே இருப்பது போய்விடும்.

17. ஓம்ரான் சிஎஸ், சிஜே வரிசைகளில் சாஃப்ட்வேரில் தேடினால் விடை கிடைக்காது, முகப்பைப் பாருங்கள். டிப் ஸ்விட்சின் 2ஆம் எண் ஆனில் இருந்தால், கார்டில் 'ஆட்டோஎக்ஸெக்' என்ற பெயரில் உள்ள கோப்புகள் மின்சாரம் வரும்போது தானாக ஏறும். விரல் பட்டு ஸ்விட்ச் நகர்வதற்கும் வாய்ப்புண்டு.

18. கார்டை வெளியே எடுக்கும் முறை. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கோப்பு சிதையும், சில நேரம் கார்டே கெடும். ராக்வெல்லில் எஸ்டி விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை தொடாதீர்கள். மிட்சுபிஷி க்யூவில் ஓடும்போது எடுக்க எஸ்எம்609 என்ற சிறப்பு ரிலேயை ஆன் செய்ய வேண்டும். ஐக்யூ-ஆரில் கார்டு அருகே உள்ள ஸ்விட்சை அழுத்தி, விளக்கு அணைந்ததும் எடுக்கலாம். ஷ்னைடர் எம்340ல் எஸ்65 என்ற சிஸ்டம் பிட்டைக் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். சீமென்ஸில் பேசாமல் மின்சாரத்தை அணைத்துவிட்டு எடுப்பதே நிம்மதி.

19. கார்டில் டேட்டா லாக் எழுதுகிறவர்கள், எத்தனை முறை எழுதுகிறோம் என்று கணக்குப் போடுங்கள். ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதி அழிப்பதற்கு எல்லை உண்டு. எஸ்7-1500ல் கட்டுப்பாடே இல்லாமல், ஒவ்வொரு ஸ்கேனிலும் எழுதும்படி ஒரு கட்டளை போட்டுவிட்டால், ப்ரோகிராம் தங்கும் அதே கார்டை நாமே தேய்க்கிறோம் என்று பொருள். நிமிடத்துக்கு ஒரு முறையோ, ஒரு பேட்ச் முடியும்போதோ எழுதினால் பெரும்பாலான தேவைக்குப் போதும். எஸ்7-1500ன் அமைப்புகளில் கார்டின் ஆயுளில் எத்தனை சதவீதம் கழிந்ததும் எச்சரிக்க வேண்டும் என்று குறிக்கும் இடம் உண்டு. அதை நிரப்பி, எச்சரிக்கையை ஹெச்எம்ஐயில் வரும்படி செய்யுங்கள். வேகமாக, நிறைய எழுத வேண்டுமென்றால் தரவுகளை நெட்வொர்க் வழியே ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவதே முறை.

20. இயந்திரம் செய்து விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ப்ரோகிராமைத் திருடாமல் இருக்க, டிஐஏ போர்ட்டலில் ஒரு பிளாக்கைக் குறிப்பிட்ட கார்டின் சீரியல் எண்ணோடு கட்டிவைக்கலாம். அப்படிக் கட்டினால், வாடிக்கையாளர் எடுத்து வைத்த ஸ்பேர் கார்டில் அது ஓடாது. கட்டுவதானால், கார்டு கெட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுக் கார்டு தருவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாங்குபவர்களும் இந்தக் கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

21. பேனல் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கார்டின் வகை, மின்சாரம் வந்தால் கார்டிலிருந்து ஏறுமா ஏறாதா, கடைசியாகக் கார்டில் சேமித்த தேதி, கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் பதிப்பு, கீ ஸ்விட்ச் இருக்க வேண்டிய நிலை, டிப் ஸ்விட்சுகளின் நிலை. ஆன்லைனில் மாற்றம் செய்பவர் கையெழுத்துப் போடும் வரிசையில் 'கார்டில் சேமித்தாயிற்றா' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் அங்கே எழுத வேண்டாம்.

22. எல்லாம் சரிபார்த்தாயிற்று என்று தோன்றினாலும், திட்டமிட்ட ஒரு நிறுத்தத்தில் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். முதலில் கன்ட்ரோலரில் ஓடுவதை அப்லோட் செய்து லேப்டாப்பில் பத்திரப்படுத்துங்கள். செட்பாயிண்ட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, மோட்டார் ஃபீடர்களை அணைத்து, ஏர் லைனை அடைத்து, ஆட்களை விலக்கிவிட்டு, கன்ட்ரோலரின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். ஆன்லைனில் போய், ஓடுவதையும் சேமித்த கோப்பையும் சாஃப்ட்வேரின் ஒப்பிடும் வசதியால் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுகூட இல்லையென்றால், கதவில் ஒட்டிய தாளில் அன்றைய தேதியை எழுதிவிட்டு ஃபீடர்களைப் போடலாம். வித்தியாசம் இருந்தால், லேப்டாப்பில் உள்ள சரியான பிரதியை ஏற்றி, கார்டிலும் சேமித்து, மறுபடி ஒருமுறை அணைத்துப் பார்த்த பிறகே இயந்திரத்தை உற்பத்தியிடம் ஒப்படையுங்கள்.